பயத்தோடுதான் வந்தேன்

இன்று மாலை செங்கம் சாலை நிறுத்தத்தில் பேருந்துக்காக நின்றிருந்தேன். பக்கத்தில் ஒருவர் தள்ளுவண்டியில் வேர்க்கடலை அவித்துக்கொண்டிருந்தார், நம் ஊர் மல்லாட்டை. ஆவியோடு அந்த ஈர மண் வாசனை வந்ததும் பேருந்தை மறந்து அப்படியே நின்றுவிட்டேன். நீ போய் இந்தத் தையோடு ஒரு வருடம். கீழ்பென்னாத்தூரிலிருந்து ஒரு பை நிறைய அவித்த மல்லாட்டையோடு நீ மெட்ராஸுக்கு என்னைத் தேடி வந்தாயே, அந்த நாள் நினைவுக்கு வந்தது.

பள்ளியில் நாம் ஒரே பெஞ்சு. நீ விவசாயி வீட்டுப் பெண், நான் மிஷன் பள்ளி வாத்தியார் மகள். கடைசி வருடத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஊருக்கு வெளியே இருந்த தொழுநோய் ஆஸ்பத்திரிக்கு நர்ஸுகள் தேவை என்று எங்கள் போதகர் ஆராதனையின் முடிவில் சொன்னார். கோயில் நிறைய ஜனம் இருந்தும் அது எனக்குத்தான் என்று பட்டது. குரல் எதுவும் கேட்கவில்லை. ஆனால் நெஞ்சுக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்த உடனே பயம் பிடித்துக்கொண்டது. மறுநாள் உன்னிடம் மட்டும் சொன்னேன்.

"உங்க சாமி கூப்புட்டா போக வேண்டியதுதானே?" என்றாய்.

"பயமா இருக்குடி. அந்தப் புண்ணு, அந்த விரலு... என்னால ஆவாது."

"அப்ப வரலைனு சொல்லிடு. பதிலே சொல்லாம இருக்காத."

ஆண்டவரிடம் வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரவில்லை என்றும் சொல்லவில்லை. நர்ஸ் படிப்பை முடித்ததும் மெட்ராஸில் ஒரு பிரசவ ஆஸ்பத்திரியில் சேர்ந்துகொண்டேன். இதுவும் சேவைதானே என்று என்னையே சமாதானம் செய்துகொண்டேன். ஜெபத்தில் எல்லாவற்றையும் கேட்பேன். நான் என்ன செய்யவேண்டும் என்பதை மட்டும் கேட்கமாட்டேன். கிறிஸ்துமஸுக்கு ஊருக்கு வந்தாலும் அந்த ஆஸ்பத்திரி இருக்கும் பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை. உனக்கும் கல்யாணமாகி ஒரு மகன் பிறந்திருந்தான்.

அப்படி இருக்கையில்தான் ஒரு மத்தியானம் எங்கள் வார்டு வாசலில் நீ வந்து நின்றாய். இடது கையில் பை. வலது கை முந்தானைக்குள் இருந்தது.

"கைய காட்டுடி" என்றேன்.

தயங்கித் தயங்கி எடுத்தாய். இரண்டு விரல்கள் உள்பக்கமாக மடங்கியிருந்தன. மணிக்கட்டில் ஆறாத தீப்புண். "சோத்துப் பானை சுட்டுடுச்சு. சுட்டதே தெரியல சலோமி" என்றாய். பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. உனக்கும் தெரிந்துதான் இருந்தது. "எங்கூட்டுக்காரரு ஒண்ணும் சொல்லல. மாமியார்தான் கொழந்தையத் தொடாதன்னு வாங்கிக்கினாங்க. யாராண்ட போய்ச் சொல்றது? அதான் உன்னாண்ட வந்தேன்."

நர்ஸ் பேசுவதுபோலவே பேசினேன். இப்போது இதற்கு மாத்திரை வந்துவிட்டது, குணமாகும், நம் ஊரிலேயே ஆஸ்பத்திரி இருக்கிறது, போய்ச் சேர்ந்துவிடு என்றேன்.

நீ கையை மறுபடி முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாய். பிறகு கேட்டாய்: "அங்க தெரிஞ்சவங்க யாருனா இருக்காங்களா?"

குத்திக்காட்டக் கேட்டதல்ல அது. பழைய பேச்சு உனக்கு நினைவில்கூட இல்லை. ஆனால் என்னால் உன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பஞ்சும் துணியும் வைக்கும் சின்ன அறைக்குள் போய் முழங்காலிட்டேன். "ஆண்டவரே, பயம் போகவில்லை. போகும் என்றும் தோன்றவில்லை. பயத்தோடேயே வருகிறேன், என்னை எடுத்துக்கொள்ளும்." அவ்வளவுதான் சொல்ல வந்தது. இத்தனை வருடமாக எதையோ இறுகப் பிடித்துக்கொண்டிருந்தது அந்த நிமிடம்தான் தெரிந்தது, பிடி விட்டுப் போனதால்.

வெளியே வந்து உன் வலது கையை என் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டேன்.

"இருக்காங்க. நான் வரேன்" என்றேன்.

"பைத்தியமாடி நீ? இந்த வேலைய உட்டுட்டா?"

"வேலைக்குத்தான்டி போறேன்."

அந்த வாரமே இருவரும் பஸ் ஏறினோம். செஞ்சி தாண்டி உன் புகுந்த ஊர் கீழ்பென்னாத்தூர் வழியாகத்தான் வண்டி போனது. உன் வீட்டுத் தெரு முனை வந்தபோது நீ தலையைக் குனிந்துகொண்டாய்.

முதல் நாள் புண் கழுவியபோது பயமாகத்தான் இருந்தது. ஆனால் அந்த வார்டில் எனக்குள் வந்த சந்தோஷம் இருக்கிறதே, அதை நான் எதிர்பார்க்கவே இல்லை. தண்டனைக்குப் போகிறோம் என்று நினைத்துப் போனேன். எனக்காகவே கட்டி வைத்த வீடு போல இருந்தது அது. "இன்னாடி, புண்ணக் கழுவிக்கினே பாட்டு பாடற?" என்று நீயே சிரித்தாய்.

மாத்திரை வருடக்கணக்கில் ஓடியது. வேலூரில் உன் விரல்களுக்கு ஆபரேஷன் ஆனது. கட்டுப் பிரித்த பின் மாதக்கணக்கில் பயிற்சி செய்தாய். உடம்பில் நோய் இல்லை என்று டாக்டர் எழுதிக் கொடுத்தது ஒரு கார்த்திகை மாதம். தீபத்தன்று உன் வீட்டுக்காரர் மகனைக் கூட்டிக்கொண்டு வந்தார். உச்சியில் ஜோதி தெரிந்ததும் நோயாளிகள் எல்லாரும் முற்றத்தில் நின்று "அரோகரா" என்றார்கள். நீ மட்டும் மலையைப் பார்க்கவில்லை. பொரியுருண்டை ஒன்றை அந்த வலது கை விரல்களால் பிட்டு மகனுக்கு ஊட்டிக்கொண்டிருந்தாய். அவன் வாயைத் திறந்து திறந்து வாங்கிக்கொண்டான். உன் வீட்டுக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தார்.

போன வருடம் வேங்கிக்காலில், அதே மகன் வீட்டில் நீ படுத்த படுக்கையாய் இருந்தபோது சொன்னேன்: "நான் உன்னக் காப்பாத்துனேன்னு ஊரே சொல்லுது. நீ வரலைனா நான் இன்னும் ஓடிக்கினுதான் இருந்திருப்பேன்."

"என்ன மெட்ராஸுக்கு அனுப்பினது உங்க சாமியா எங்க சாமியா?" என்றாய். "மேல போய்க் கேட்டுடறேன், இரு."

இந்நேரம் கேட்டிருப்பாய். எனக்குப் பதில் தெரியும் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். நீயும் அப்படித்தான் நினைத்துக்கொண்டு போனாய். எனக்கு வயது எண்பதை நெருங்குகிறது. இப்போது ஜெபத்தில் நான் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: "இன்றைக்கு எங்கே போகவேண்டும்?" பதில் வந்ததும் செருப்பை மாட்டிக்கொள்கிறேன்.