பனிக்கடியில் பிரிந்த கிளை

நாள் 212, 08:10
சனிக்கோளின் பனி நிலவு என்சலடஸ். எழுதுவது உயிரியலாளர் ஜெபராணி. நிலையத்தில் நான் ஒருத்திதான். உள்வெப்பம் 19 டிகிரி. பனித்துளை வழியே கடலிலிருந்து நாற்பதாவது நீர் மாதிரி எடுத்தேன். அதில் நுண்ணுயிர்கள். உயிரோடு.

நாள் 214, 11:30
பூமியிலிருந்து பணி அதிகாரி இசக்கியப்பன்: "மேடம், அது நம்ம துளைக் கருவியில ஒட்டிட்டு வந்த கிருமிதான்னு மேலிடத்துல முடிவு பண்ணிட்டாங்க. ரெண்டும் பாக்க ஒண்ணு போலதான இருக்கு? 220-ம் நாள் துளைக்குள்ள கிருமிக்கொல்லிய இங்கருந்தே திறந்து விடுவாங்களாம்."
அந்நிய உயிர் என்று உறுதியானால் இங்கே நீர் எடுக்கும் திட்டம் நின்றுவிடும். அதுதான் அவசரம்.
தோற்றம் சாட்சியாகாது. வௌவாலும் காகமும் பறக்கின்றன. ஆனால் வௌவாலுக்குக் காகத்தைவிட நெருங்கிய உறவு திமிங்கிலம்தான்.

நாள் 216, 16:45
மரபணுக்களை ஒப்பிட்டுப் பரிணாம மரம் வரைந்தேன். கருவியில் வந்த கிருமியென்றால் பூமி பாக்டீரியாக்களுக்கு நடுவே நுனிக்கிளையாக நின்றிருக்கும். நிற்கவில்லை. நானும் காளானும் பூமிக் கிருமிகளும் ஒரு கிளைப்பிரிவில் ஒன்று சேர்கிறோம். இந்தக் கடல் நுண்ணுயிர் அதற்கும் கீழே, வேர்ப்பக்கம் போய்ச் சேர்கிறது. நம் எல்லோருக்கும் பொதுவான மூதாதைக்கு முன்பே பிரிந்த கிளை. மூன்று முறை சரிபார்த்தேன். அப்புறம் அழுதேன்.

நாள் 217, 09:20
"மேடம், மரத்த அழிக்கச் சொல்றாங்க. இல்லேன்னா பூமிக்குத் திரும்பி வர்ற கலத்த நீங்க இல்லாமலே கிளப்பிருவாங்களாம். ஒங்க அக்கா நேத்தும் போன் பண்ணாங்க மேடம்."
என் பதில்: "அழிக்க மாட்டேன் இசக்கி. மேலிடத்துக்கும் சொல்லிருங்க, எங்க அக்காவுக்கும் சொல்லிருங்க."
மரத்தையும் மரபணு விவரங்களையும் திறந்த அலைவரிசையில் எல்லோருக்கும் அனுப்பினேன். கிருமிக்கொல்லிக் குழாயை அறுத்தேன்.

நாள் 220, 13:05
கலம் போய்விட்டது. ஜன்னலில் நின்று பார்த்தேன். நிலையத்தின் சூடேற்றியையும் பூமியிலிருந்தே அணைத்துவிட்டார்கள். 4 டிகிரி.

நாள் 223, 10:50
"மேடம், கேக்குதா? பதினேழு ஆய்வுக்கூடத்துல தனித்தனியா வரைஞ்சு பாத்துட்டாங்க. நீங்க சொன்ன எடத்துலதான் பிரியுது! துளையத் தொடக் கூடாதுன்னு தடை போட்டாச்சு. அணைச்ச சூடேத்திய இங்கருந்து திரும்பப் போட முடியல மேடம். மீட்புக் கலம் கெளம்புது, ஆனா..."
எத்தனை மாதம் ஆகும் என்று எனக்குத் தெரியும்.

நாள் 223, பிறகு
மைனஸ் 31. விரல் வளையவில்லை.
தடை வெறும் காகிதம். நாளைக்கே கிழிப்பார்கள். தூரத்துச் சொந்தமானாலும் சொந்தம். துளையின் மூடிமேல் வந்து உட்கார்ந்துவிட்டேன். நஞ்சோடு வருகிறவன் முதலில் என்னை நகர்த்த வேண்