மாடிக்குச் சம்மதம்

அன்பானவருக்கு,

நானும் மகளும் நலம். பக்கத்து வீட்டுக்காரர் மாடி கட்டுகிறார். நம் தெற்கு ஜன்னலை மறைத்துக்கொண்டு சுவர் எழும்பிவிட்டது. பட்டப்பகலிலேயே விளக்கைப் போட்டுத்தான் தையல் மெஷினில் ஊசி கோக்கிறேன்.

இந்தத் தெருவில் யாரும் மாடி எழுப்பக் கூடாது என்று எல்லோருடைய கிரயப் பத்திரத்திலும் நிபந்தனை இருக்கிறதே, அந்தத் தைரியத்தில் வக்கீலம்மாவிடம் போனேன். "கவலைப்படாதீங்க, ஒரே நோட்டீஸ்ல நிறுத்திடலாம்" என்றார்.

நோட்டீஸ் கிடைத்த மறுநாளே பக்கத்து வீட்டுக்காரர் வந்தார். கோபப்படவில்லை. "உங்க வீட்டுக்காரர் சம்மதிச்சுக் கையெழுத்துப் போட்டுட்டாரேம்மா! வேலைக்குக் கிளம்பறதுக்கு முந்தின நாள்" என்று சிரித்தபடி ஒரு நகலை நீட்டினார். அந்த வேலையை வாங்கிக் கொடுத்ததே தான்தான் என்று அவர் சொல்லவில்லை. சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

நகலைப் பார்த்த வக்கீலம்மா கேட்டார். "இது அவர் கையெழுத்துதானா? ஆமான்னா நாம ஒண்ணும் பண்ண முடியாது."

கடைசி எழுத்தின் வாலை நீங்கள் இழுக்கிற இழுப்பு எனக்குத் தெரியாதா?

"இல்லைங்க" என்றேன். வாய் முந்திக்கொண்டது.

அடுத்த வாரம் வக்கீலம்மா உங்களுக்கே எழுதிக் கேட்கப்போகிறார். ஆமாம் என்றால் நான் பொய் சொன்னவளாவேன். இல்லை என்றால் உங்கள் வேலை போய்விடும். அவருக்கு எதை வேண்டுமானாலும் எழுதுங்கள். அதற்கு முன்னால் எனக்கு ஒரு வரி போடுங்கள், என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று மட்டும்.

உங்கள் மகளின் அம்மா