பிர்தௌஸ் செய்த தளம்

ஜூன் 9, திங்கள்

வேலையில் முதல் நாள். சின்னசேலத்தில் காலை ரயில் ஏறி சேலம் வந்தேன். ஐந்து ரோட்டுப் பக்கம் ஆபீசைக் கண்டுபிடிக்க அரை மணி நேரம் ஆயிற்று. மொத்தம் பதினோரு பேர். கடைகளுக்கும் பள்ளிக்கூடங்களுக்கும் வெப்சைட் செய்து தருகிற இடம். டீம் லீடர் தனசேகரன் சார் எல்லோரையும் கூப்பிட்டு, "கல்வராயன் மலை பஸ் சைட் காட்டினேனே, அது இவங்க செஞ்சதுதான்" என்றார். எல்லோரும் கை கொடுத்தார்கள். நானும் கொடுத்தேன். சிரிக்கவும் செய்தேன்.

வீட்டுக்கு வந்ததும் தலைவலி என்று சொல்லிப் படுத்துவிட்டேன்.

ஜூன் 11

எழுதிவிடுகிறேன். இதிலாவது பொய் வேண்டாம்.

மலை ஊர்களுக்குப் போகிற பஸ் எங்கே எத்தனை மணிக்கு வரும் என்று போனில் காட்டுகிற தளம். எங்கள் கடைசி வருட ப்ராஜெக்ட். வெள்ளிமலையிலிருந்து வந்து படித்த பெண்கள் பஸ்ஸுக்காக நின்றே பாதி நாளைத் தொலைப்பதைப் பார்த்து எனக்கு வந்த யோசனை. கச்சிராயபாளையத்திலிருந்து ஒவ்வொரு பஸ்ஸாக ஏறி, கண்டக்டர்களைக் கேட்டு நேரம் குறித்ததும் நான்தான். ஆனால் கோடிங் முழுவதும் பிர்தௌஸ். ஜன்னதுல் பிர்தௌஸ், மூன்று வருடமும் என் பக்கத்தில் உட்கார்ந்தவள். கள்ளக்குறிச்சியில் துணிக்கடை வைத்திருக்கும் சாதுல்லா பாயின் மகள். அவள் எழுத எழுத நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவ்வளவுதான்.

மார்ச்சில் இந்தக் கம்பெனி கல்லூரிக்கு ஆள் எடுக்க வந்தது. என்னை முதலில் கூப்பிட்டார்கள். கோடிங் யாரும்மா என்று தனசேகரன் சார் கேட்டார். நான்தான் சார். முழுசாவா? முழுசாதான் சார்.

ஏன் சொன்னேன்? யாரும் மிரட்டவில்லை. ரெண்டு பேரும் செஞ்சோம் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகிவிடும்? சொன்னால் அவர் முகத்தில் இருந்த ஆச்சரியம் போய்விடுமே என்று தோன்றியது. அதுக்குத்தான்.

எனக்குப் பின்னால் நாலாவதாக அவள் போனாள். அதே தளத்தைத் திறந்து காட்டியிருக்கிறாள். இதை ஏற்கெனவே ஒரு பொண்ணு காட்டியாச்சு, அடுத்தவங்க வேலையை எடுத்துக்கிட்டு வரக்கூடாது என்று ஐந்தே நிமிடத்தில் அனுப்பிவிட்டார்கள்.

வெளியே வந்து, "நீ உள்ள இன்னா சொன்ன?" என்று கேட்டாள்.

ரெண்டு பேரும் செஞ்சோம்னுதான் சொன்னேன் என்றேன். என்னையே பார்த்தாள். அதற்குப் பிறகு பேசவில்லை.

ஜூன் 17

அப்பா மரவள்ளிக் காட்டில் கூட வேலை செய்கிறவர்களிடமெல்லாம் என்னைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். இன்று வழியில் என்னைப் பார்த்ததும் அவர்களில் ஒருவர் பீடியைக் கீழே போட்டார். அப்பாவை விட மூத்தவர்.

ஜூன் 20

ஒரு விதைக் கடையின் தளம் போனில் திறந்தால் கலைந்து போகிறது. "பஸ் சைட்ல அழகா அடங்குதே, அதே மாதிரி பண்ணிடுங்க" என்றார் சார். இரண்டு நாள் முட்டி மோதினேன். வரவில்லை. கடைசியில் பிர்தௌஸின் கோடிங்கைத் திறந்தேன். உச்சியில், தளத்தைப் பார்க்கிறவர்களுக்குத் தெரியாத இடத்தில், எழுதி வைத்திருக்கிறாள்: யோசனையும் நேரங்களும் இசைவாணி, கோடிங் பிர்தௌஸ் என்று. என் பெயர் முதலில்.

அந்த வரிகளுக்குக் கீழே இருந்ததை எடுத்து ஒட்டினேன். வேலை செய்தது. சார் பாராட்டினார்.

என்ன ஜென்மம் நான்.

ஜூன் 28, சனி

அவளிடம் சொல்லிவிடலாம் என்று கள்ளக்குறிச்சி போனேன். அவள் கடையில் இல்லை, பாய் மட்டும் இருந்தார். வாம்மா வாம்மா என்று ஸ்டூல் போட்டு, டீ வரவழைத்தார். வேலையைப் பற்றி விசாரித்தார். பிறகு தணிந்த குரலில் சொன்னார். "எம் பொண்ணு பதில் சொல்லத் தெரியாம முழிச்சிட்டு வந்துட்டா. நானும் அன்னிலேருந்து ஏசிக்கினுதான் இருக்கேன். அப்புறம் எந்த இண்டர்வியூக்கும் போவ மாட்டேன்றா. ஒனக்குத் தெரிஞ்சத கொஞ்சம் சொல்லிக் குடும்மா."

பதில் சொல்லத் தெரியவில்லையாம். வீட்டில் அப்படிச் சொல்லி வைத்திருக்கிறாள். என் பெயரை எடுக்கவே இல்லை.

சரிங்க பாய் என்றேன். டீயைக் குடித்துவிட்டு பஸ் ஏறினேன்.

சரிங்க பாய்னு சொன்னேன். வாய் எப்படி வந்துச்சு?

ஜூன் 30, திங்கள்

சொல்லிவிட்டேன்.

மதியம் எல்லோரும் சாப்பிடப் போன பிறகு தனசேகரன் சாரிடம். பஸ் சைட் கோடிங்கில் ஒரு வரிகூட என்னுடையது இல்லை, அன்று நீங்கள் திருப்பி அனுப்பிய பெண்தான் செய்தாள் என்று. விதைக் கடை விஷயத்தையும் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன்.

"அந்தப் பொண்ணு நான்தான் செஞ்சேன்னு ரெண்டு தடவை சொல்லுச்சு. நான் சிரிச்சேன்" என்றார்.

ஜூலை 2

மேனேஜர் விஜயலட்சுமி மேடம் கூப்பிட்டார். வேலையை விட்டு எடுத்திருப்பேன், நீயே வந்து சொன்னதால் யோசிக்கிறேன் என்றார். இனி கோடிங் கிடையாது. மற்றவர்கள் செய்ததில் தப்பு தேடுகிற டெஸ்டிங்கில் மூன்று மாதம், அதற்கப்புறம் பார்க்கலாம். பிர்தௌஸிடம் மன்னிப்புக் கேட்டு, வேலைக்குக் கூப்பிட்டு அவரே பேசியிருக்கிறார். வரவில்லை என்று சொல்லிவிட்டாளாம்.

சாயங்காலம் அவளே எனக்கு போன் செய்தாள். அழுதால் வைத்துவிடுவாள் என்று அடக்கிக்கொண்டேன்.

"உன்ன மாட்டி வுட எனக்கு எவ்ளோ நேரம் ஆவும், இசை? நீயே உள்ள போய் சொல்லுவன்னு நெனச்சேன். அன்னிக்கி காலேஜ் பூட்ற வரைக்கும் நின்னுகினு இருந்தேன்."

மன்னிச்சிரு என்றேன். வைத்துவிட்டாள்.

ஜூலை 5

அப்பாவிடமும் அம்மாவிடமும் சொன்னேன். அம்மா அழுதாள். அப்பா சாப்பிட்டு முடித்தார். கை கழுவிவிட்டு வந்து, "அந்த பாயி வூட்ல போய் சொன்னியா?" என்றார். இல்லை என்றேன். "நாளைக்கு நானும் வரேன், போலாம்."

ஜூலை 6, ஞாயிறு

போனோம். நான் எல்லாவற்றையும் சொன்னேன். பாய் கேட்டு முடித்தார். என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. உட்காரவும் சொல்லவில்லை. உள்ளே திரும்பி மகளைக் கூப்பிட்டார். அவள் வந்து நின்றதும், எங்கள் முன்னாலேயே, "நான் உன்ன ஏசினது தப்பும்மா" என்றார். அவள் தலையை ஆட்டினாள். எங்கள் பக்கம் பார்க்கவில்லை.

அப்பா கும்பிட்டுவிட்டு இறங்கினார். யாரையும் அவர் அப்படிக் கும்பிட்டு நான் பார்த்ததில்லை. என்னால்.

ஜூலை 25

தனசேகரன் சார் நேரில் போய்ப் பேசியிருக்கிறார். பிர்தௌஸ் வருகிறாளாம்.

ஆகஸ்ட் 4

வந்துவிட்டாள். என் பழைய ஜன்னல் ஓர மேசைதான் அவளுக்கு. சார் எல்லோரையும் கூப்பிட்டு, பஸ் சைட் இவங்க செஞ்சது, நான் தப்பா சொல்லிட்டேன் என்றார். நான் தப்பாகச் சொன்னதைத்தான் தன் தப்பாக்கிச் சொன்னார். எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

செப்டம்பர் 12

வீட்டில் அடிப்படையிலிருந்து கோடிங் படிக்கிறேன். மூன்று வருடமாகப் படித்ததாக நினைத்துக்கொண்டிருந்ததை. மெதுவாகத்தான் வருகிறது. அவள் என்னுடன் பேசுவதில்லை. டிபன் பாக்சை எடுத்துக்கொண்டு மற்றவர்களோடு போய்விடுகிறாள்.

அக்டோபர் 8

டெஸ்டிங்கில் இன்னும் மூன்று மாதம் இருக்கச் சொல்லிவிட்டார் மேடம்.

பிர்தௌஸ் செய்த ஒரு பள்ளிக்கூடத் தளத்தைச் சோதித்தேன். பழைய போன்களில் விண்ணப்பப் பக்கத்தில் ஊர்ப் பெயரைத் தமிழில் போட்டால் பாதிதான் பதிவாகிறது. வழக்கம்போல் மெயிலில் எழுதி அனுப்பினேன். கொஞ்ச நேரத்தில் என் மேசைப் பக்கம் வந்து நின்றாள்.

"எந்த போன்ல?"

எடுத்துக் காட்டினேன். உட்காரவில்லை, நின்றபடியே பார்த்தாள். மூங்கில்துறைப்பட்டு என்று அடிக்கச் சொன்னாள். 'மூங்கில்து' என்பதோடு நின்றது. அவள் முகத்தில் சிரிப்பு வருவது போலிருந்தது, வரவில்லை.

"சரி. வேற இருக்கானு பாரு" என்று போய்விட்டாள்.

பார்த்தேன். இன்னும் இரண்டு இருந்தன. மெயில் எழுத ஆரம்பித்து நிறுத்தினேன். எழுந்து அவள் மேசைக்குப் போய்ச் சொன்னேன்.