சின்னவளுக்கு அக்கா எழுதிய நல்ல செய்தி

மார்ச் 4

அன்புச் சின்னவளுக்கு,

நீயும் மாப்பிள்ளையும் குழந்தைகளும் சுகந்தானே? போன கடிதத்தில் அழுது தீர்த்தேன். இப்போது நல்ல செய்தி. டயாலிசிஸை மாற்றியிருக்கிறார்கள். முன்பெல்லாம் உடம்பில் சேர்ந்த நீரை மிஷின் அவசர அவசரமாக உறிஞ்சும். கெண்டைக்கால் முறுக்கிக்கொள்ளும், தலை சுற்றும். வீட்டுக்கு வந்தால் கிழிந்த துணி மாதிரி கிடப்பேன். புது டாக்டரம்மா நேரத்தைக் கூட்டி, நீரை மெதுவாக எடுக்கச் சொன்னார். மிஷினில் ஓடும் திரவத்தின் சூட்டையும் குறைத்தார். குளிர்கிறது, ஆனால் கால் இழுக்கவில்லை. நேற்று தையல் மிஷினை மிதித்து ஒரு சட்டையை முழுசாகத் தைத்தேன்.

ஆபரேஷனை நினைத்துப் பயந்துகொண்டிருப்பாய். சிறுநீரகம் கொடுக்கப்போகிறவள் நன்றாகத் தூங்க வேண்டும். என்னைப் பற்றிக் கவலைப்படாதே, ராணி மாதிரி இருக்கிறேன்.

உன் அக்கா


மார்ச் 15

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தைப் பார்த்து வயிற்றில் பால் வார்த்தது போல் இருந்தது. அவருக்கும் வாசித்துக் காட்டினேன். “அதான் நல்லாயிட்டாங்களே, நல்லா இருக்கிற உன் உடம்பை எதுக்குக் கிழிக்கணும்?” என்று கேட்டார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. குழந்தைகள் சின்னதுகள். கொஞ்ச நாள் தள்ளிப்போடலாமே? நீ தப்பாக நினைக்க மாட்டாய் என்று தெரியும்.

குளிர்கிறது என்றாயே, நல்ல கம்பளி ஒன்று அனுப்புகிறேன்.

அன்புடன்,
சின்னவள்


மார்ச் 23

சின்னவளுக்கு,

கால் இழுக்கவில்லை என்பது உண்மை. ராணி என்பது நீ பயப்படாமல் இருக்க நான் கூட்டி எழுதியது. அரிப்பு அப்படியே இருக்கிறது, ரத்தம் வரச் சொறிகிறேன். சட்டை தைத்ததற்கு மறுநாள் எழுந்திருக்க முடியவில்லை, படுத்தபடிதான் அந்தக் கடிதத்தை எழுதினேன். டாக்டரம்மா முதலிலேயே சொன்னார், “வலிதாம்மா குறைஞ்சிருக்கு, நோய் குறையல.” ஆபரேஷன்வரை நான் தாக்குப்பிடிக்கத்தான் இந்த மாற்றமெல்லாம். உன்னுடையதுதான் எனக்குப் பொருந்துகிறது. வருவாயா, மாட்டாயா? அதை மட்டும் எழுது.

அக்கா


ஏப்ரல் 2

அக்காவுக்கு,

அவர் உன் இரண்டு கடிதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தார். நான் கொடுப்பேன் என்றிருந்தவரை நீ நன்றாக இருந்தாய், தள்ளிப்போடச் சொன்னதும் நோய் வந்துவிட்டதாம். அவர் சொன்னபோது கோபம் வந்தது. பிறகு யோசித்தால் எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. காரியம் ஆக வேண்டுமென்றால் நீ எப்போதும் அழுகிறவள்தானே?

மிஷின் இவ்வளவு பார்த்துக்கொள்கிறதே, அதையே இன்னும் கொஞ்சம் மாற்றித் தரச் சொல். நான் வரவில்லை. கம்பளி வந்து சேர்ந்ததா?

சின்னவள்


ஏப்ரல் 11

சின்னவளுக்கு,

உன் பெயரை எடுத்துவிடச் சொன்னேன். டாக்டரம்மா காரணம் கேட்டார். உன் உடம்பு தாங்காது என்றேன். உன்னை விட்டுக்கொடுக்க வாய் வரவில்லை.

இறந்தவர்களிடமிருந்து எடுத்துக் கொடுப்பார்களாம். அதற்காகக் காத்திருப்பவர்களில் என்னையும் சேர்த்துவிட்டார்கள். மிஷினில் படுத்தபடி, முகம் தெரியாத யாராவது சீக்கிரம் சாகட்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். இப்படி வேண்டுகிற ஆளாக நான் இருந்ததில்லை, உனக்கே தெரியும்.

நேற்று வேண்டிக்கொள்ளும்போது உன் முகம் வந்தது. நான் நிறுத்தவில்லை, தொடர்ந்து வேண்டிக்கொண்டேன்.

இனி எழுதாதே.