மிளகாய்ச் சரமும் மேல் இறக்கையும்

புடாபெஸ்ட்,
1930 அக்டோபர்

அன்பு மகன் வெண்டெலுக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் நானும் உன் அப்பாவும் சுகம், அப்பாவின் வாய் எங்களைவிடச் சுகம், ஏன் என்று சொல்கிறேன். அமெரிக்காவில் குளிர் தொடங்கியிருக்கும், நான் பின்னிய கம்பளிச் சட்டையைப் பெட்டியில் பூட்டி வைக்காமல் போட்டுக்கொள்.

வசந்தத்தில் அப்பா வேலை செய்யும் பட்டறையின் முதல் பயிற்சி விமானம் சுழலில் விழுந்தால் நிமிர மாட்டேன் என்று அடம்பிடித்தது என்று எழுதியிருந்தேன் அல்லவா, இஞ்சினியர் லோராந்த் வால் சுக்கானைப் பெரிதாக்கி இரண்டாவது ஒன்றைக் கட்ட வைத்தார். இரட்டை இறக்கை, முன்னால் மாணவன், பின்னால் ஆசிரியர். அரசுக் குழு இதையும் வேண்டாம் என்றால் பட்டறைக்குப் பூட்டுதான். வேலை இல்லை என்று உன்னைக் கப்பலேற்றியாயிற்று, இனி உன் அப்பாவையும் ஏற்றவேண்டுமோ என்று எனக்குச் சோறு இறங்கவில்லை. இந்தச் சமயத்தில் அவர் செய்த காரியத்தைக் கேள். விடாத மழை, வீட்டுச் சுவரில் மாட்டிய மிளகாய்ச் சரமெல்லாம் பூஞ்சை பிடிக்கத் தொடங்கியது. இறக்கைத் துணிக்குப் பசை பூசும் கொட்டகையில் எப்போதும் அடுப்பு எரியுமே, அதன் உத்தரத்தில் சரங்களைக் கொண்டுபோய்க் கட்டிவிட்டார். சூட்டில் மிளகாய் வெடித்து, விதையும் தோலும் ஈரப் பசைமேல் கொட்டி ஒட்டிக்கொண்டன. மறுநாள் குழு வருகிறது, மேல் இறக்கையைப் பார்த்தால் அம்மை போட்ட முகம்தான். விதையைப் பொறுக்கிவிட்டார்கள், கறை போகவில்லை. லோராந்த் தலையில் கைவைத்து, அப்பாவைப் பார்த்து, "காஷ்பார், நான் விமானம் கேட்டேன்யா, நீ மீன் குழம்பு வச்சிருக்க" என்றாராம். பிறகு, தீயணைப்பு வாளிக்குப் பூசும் சிவப்பு வண்ணத்தை எடுத்து இறக்கையின் மேற்புறம் முழுக்கப் பூசச் சொல்லியிருக்கிறார்.

போருக்குப் பிறகு நம் நாடு விமானப்படை வைக்கத் தடை அல்லவா, குழுவினர் சாதாரணக் கோட்டில் வந்தார்கள், ஆனால் நடையிலேயே பட்டாளம் தெரிந்தது. விமானி எலெக் உயரே போய் வேண்டுமென்றே சுழலில் விழுந்தார். நான் வேலியைப் பிடித்துக்கொண்டு மாதாவைக் கூப்பிட்டேன். மேற்புறம் சிவப்பு, அடிப்புறம் வெள்ளை, மாறி மாறித் தெரிந்ததால் சுழல்வது எனக்கே புரிந்தது. சட்டென்று மாறுவது நின்றது, விமானம் நிமிர்ந்து நேராக வந்தது. மீசை நரைத்த பெரியவர் ஒருவர், "சுழல் நின்ன இடம் கண்ணாடி போடாம எனக்கே தெரிஞ்சுதே. பசங்க ஓட்டுறது, எல்லாத்துக்கும் இதே சிவப்பு அடிங்க" என்றார். அந்த இடத்திலேயே விமானத்தை ஏற்றுக்கொண்டார்கள். உன் அப்பா என் தோளில் முகத்தை வைத்து அழுதார். இப்போது கேட்டால், "யோசிச்சுத்தான் கட்டினேன்" என்று ஊரெல்லாம் சொல்லித் திரிகிறார், சிரித்துச் சிரித்து எனக்கு வயிற்று வலி.

வேலை குவிந்து கிடக்கிறது. லோராந்த் நேற்று அப்பாவிடம், "இறக்கைக்கு மரச் சட்டம் இழைக்க ஆள் பத்தாது, ஒம் பையனை வரச் சொல்லு" என்றார். வந்துவிடு, கண்ணா. உன் பெயர்கொண்ட புனிதரின் திருநாளுக்கு அந்தச் சரத்து மிளகாயை இடித்து இத்துடன் அனுப்பியிருக்கிறேன், பசை வாடை கொஞ்சம் அடிக்கும், பொறுத்துக்கொள். முழுவதும் தீர்த்துவிடாதே, தீர்வதற்குள் கப்பல் ஏறு. ஆண்டவரும் மாதாவும் உனக்கு வழித்துணை. உன் இழைப்புளியை அப்பா தீட்டி, தன் மேசைக்குப் பக்கத்து மேசையில் வைத்துவிட்டார், யாரையும் தொட விடுவதில்லை.

உன் வரவை எண்ணியிருக்கும் அம்மா,
போர்பாலா