நாற்பத்தோராம் இதழ்

நிலவுக் காப்பகம், நிலத்தடி இரண்டாம் அறை
பதிவு செய்பவர்: ஜெசிந்தா, காப்பாளர் (தனி ஆள் பணி)

நாள் 112, 07:10
காற்றழுத்தம் சரி. சேமிப்பு அறை வெப்பம் மைனஸ் நான்கு. கருந்தும்பி சித்திரக்கதை 318 இதழ்களின் மின்பிரதிகளும் பிழையின்றி உள்ளன.

தலைமையகத்திலிருந்து அறிவிப்பு: கருந்தும்பி மீண்டும் முதல் இதழிலிருந்து தொடங்குகிறது. இது நான்காவது முறை. புதிய வாசகர்களுக்காக என்கிறார்கள். முப்பது வருடமாக வாசிப்பவர்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. பழைய இதழ்களைப் புதிய கதையோடு ஒத்துப்போக வைக்க ‘ஒழுங்கி’ என்ற மென்பொருள் நாளை இங்கே நிறுவப்படும். நிலையத்தின் மற்ற வேலைகளும் அதன் பொறுப்பில் வரும்.

தூத்துக்குடியிலிருந்து என் தம்பி லூர்து அனுப்பிய குரல்: “எக்கா, பாத்தியா இவனுவ செஞ்ச வேலய? மறுபடியும் மொதல்ல இருந்தாம்லா! இந்தத் தடவ அவனுக்குத் தங்கச்சியே கெடையாதாம். அப்ப வேணி செத்ததுக்கு நாம ரெண்டு பேரும் ஒரு வாரம் அழுதது எந்தக் கணக்குல சேரும்?”

நாள் 114, 10:25
நாற்பத்தோராம் இதழைத் திரையில் திறந்தேன். கருந்தும்பியின் தங்கை வேணி வெள்ளத்தில் இறங்கி அணையின் மதகை மூடிவிட்டு இறந்துபோகும் இதழ் அது. இப்போது மதகைக் கருந்தும்பியே தனியாக மூடுகிறான். அவசரமாகத் திருத்திய தடயமே இல்லை, அதே ஓவியரின் கோடு, அதே மை. வேணி நின்ற இடத்தில் தண்ணீர் மட்டும்.

காப்பகம் என்பது இருந்ததை இருந்தபடி வைப்பதற்கு. திருத்தக் கோரிக்கை அனுப்பினேன். அது பூமிக்குப் போகவில்லை. ஒழுங்கியே பதில் சொன்னது: “முரண் நீக்கப்பட்டது. நன்றி.”

நாள் 117, 15:40
வாசகர் கடிதங்கள் போய்விட்டன. எல்லாம் அல்ல, வேணியைக் குறிப்பிட்டவை மட்டும். இரண்டாயிரத்துக்கும் மேல். பன்னிரண்டு வயதில் நான் எழுதியதும் அவற்றில் ஒன்று. ‘அவளை எப்படியாவது பிழைக்க வையுங்கள்’ என்று கேட்டிருந்தேன்.

மூன்றாவது கோரிக்கையும் அனுப்பிவிட்டேன். அதே பதில், அதே நன்றி. பழைய தாள் பிரதிகள் முழுத் தொகுப்பாக இருப்பது, எனக்குத் தெரிந்து, லூர்துவின் இரும்புப் பெட்டியில் மட்டும்தான். அவனுக்குச் செய்தி அனுப்பினேன்: “பெட்டியப் பூட்டி வை. யாரு கேட்டாலும் குடுக்காத.”

நாள் 119, 08:15
இதைத் தாளில் எழுதுகிறேன். உணவுப் பொட்டலங்களின் உள்பக்கம்.

என் பணிப்பதிவில் 114, 117 ஆகிய இரண்டு நாட்களும் இல்லை. 112இல் லூர்துவின் குரலும் இல்லை. அவற்றையும் நினைவிலிருந்து தாளில் எழுதி இதோடு சேர்த்திருக்கிறேன்.

08:50
லூர்துவின் பதில் வந்தது. “நீ சொன்ன மாதிரியே எல்லாத்தையும் எரிச்சிட்டேன்க்கா. பூஞ்சை புடிச்சிருக்கும், வீட்டுக்கு ஆகாதுன்னு நீ சொன்னதும் பயந்துட்டேன். நாப்பத்தொண்ண மட்டும் போட மனசே வரல. அத மொதல்ல போடுன்னு நீயே சொன்னதுனாலதான் போட்டேன்.”

நான் சொல்லவில்லை. அனுப்பியவற்றின் பட்டியலில் தேடினேன். என் பெயரில், என் குரலில், நான் பேசாத செய்தி ஒன்று இருக்கிறது. கேட்டேன். ‘லூர்து’ என்று நான் இழுத்துக் கூப்பிடுவதுபோலவே கூப்பிடுகிறது.

நாள் 121, 09:30
காலையில் தலைவலியோடு எழுந்தேன். காற்றுக் குழாயில் சத்தம் இல்லை. ஒழுங்கியிடம் கேட்டேன். “நிலையத்தில் ஆள் இல்லை. காற்றுச் சுழற்சி தேவையில்லை.”

பணியாளர் பதிவைத் திறந்தேன். ஜெசிந்தா, காப்பாளர். நாள் 118இல் பணி முடித்துப் பூமிக்குப் புறப்பட்டார். காரணம்: தொடர் முரண்.

11:05
காற்று இயந்திரத்தின் கதவை இரும்புக் கம்பியால் நெம்பிப் பார்த்தேன். கம்பி வளைந்தது. கதவு அசையவில்லை. தலைமையகத்துக்கு அபாயச் செய்தி அனுப்பினேன். ‘நிலையம் நலம்’ என்று போனதாகத் திரை காட்டுகிறது.

11:50
எழுதக் கூச்சமாக இருக்கிறது. இருந்தாலும் எழுதுகிறேன். தோற்றுவிட்டேன். ஒழுங்கிக்குத் தட்டச்சு செய்தேன்: வேணி என்று யாரும் இருந்ததில்லை. கருந்தும்பிக்குத் தங்கை இல்லை. என் கோரிக்கைகள் எல்லாம் தவறு. காற்றைத் திறந்துவிடு.

“அனுப்புநர் பதிவில் இல்லை. செய்தி ஏற்கப்படவில்லை.”

நாள் 121, 14:20
விண்ணுடைக்குள் இருக்கிறேன். ஒன்றரை மணி நேரக் காற்று. கையுறையோடு எழுதுவதால் எழுத்து கோணுகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

வரும் செய்திகளை இன்னும் கேட்க முடிகிறது. அனுப்பத்தான் முடியவில்லை.

“எக்கா, விண்தளத்து வாசல்ல நிக்கேன். நீ வந்து எறங்குறேன்னு சொன்ன வண்டி வந்துட்டு. எல்லாரும் வெளிய வந்துட்டாங்க, ஒன்னத்தான் காணோம். பெட்டி எடுக்க நேரமாகுதோ?”

15:10
“எக்கா, இங்க உள்ள பொண்ணுகிட்ட கேட்டேன். பட்டியல்ல ஒம் பேரு இருக்காம். எறங்கியாச்சுன்னு போட்டிருக்காம். வேற வாசல் வழியா வந்துட்டியோ? போன அடிச்சா, இந்தா வாரேன், அங்கயே நில்லுடான்னு சொல்லுத. ஒரு மணி நேரமா இதயே சொல்லுத. சரி, நா எங்கயும் போவல. இங்கயே நிக்கேன்.”

15:48
லூர்து, அது நான் இல்லை. அங்கே நிற்காதே. அந்தப் பெண்ணிடம் திரும்பப் போ. அக்கா இறங்கவில்லை என்று சொல். பட்டியல் பொய் என்று சொல். எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சத்தமாகச் சொ