நீ அளந்த மருந்து

இன்று காலை என் பேத்தி திராட்சைக் குலைகளை ஒரு பாத்திரத்தில் ஊறவைத்தாள். தண்ணீர் ரோஜா நிறத்தில் இருந்தது. "கொஞ்ச நேரம் தொடாதே பாட்டி, கிருமி சாகட்டும்" என்றாள். அவளும் உன்னைப்போல் கடல் கடந்து படிக்கிறவள், விடுமுறைக்கு வந்திருக்கிறாள். நான் தாளும் பேனாவும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். நீ கண்ணை மூடிய செய்தி வந்து பத்து நாள்தான் ஆகிறது.

அந்த வருஷம் மலையாளச் சீமையில், எங்கள் கரமனையில் வாந்திபேதி. யுத்த காலம் வேறு. நீ யாழ்ப்பாணத்திலிருந்து கப்பலேறி வந்து இங்கே பெண்கள் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாய். கிணறுகளில் மருந்து போட மாணவிகளை அனுப்பினார்கள். எங்கள் அக்கிரகாரத் தெரு உன் பங்குக்கு வந்தது. கையில் ஒரு தகர டப்பா, ஒரு சின்னத் தராசு.

"நம்மாத்துக் கெணத்துல கண்டவா கை படப்படாது" என்று என் மாமியார் குறுக்கே நின்றாள்.

நீ கோபப்படவில்லை. "நான் தொடேல்லை அம்மா. அக்கா ஊத்தட்டும், நான் தள்ளி நிண்டு சொல்லுறன்."

நீ நிறுத்துக் கரைத்துக் கொடுத்தாய், நான் ஊற்றினேன், கிணறு சிவந்தது. "உங்கட கிணத்துக்கு வெக்கம் வந்திட்டுது அக்கா, பாருங்கோ" என்று சிரித்தாய். நிறம் போகும்வரை அந்தத் தண்ணீரைத் தொடக்கூடாது, வேறு எந்தத் தண்ணீரையும் கொதிக்கவைக்காமல் குடிக்கக்கூடாது என்றாய். நீ கொண்டுவந்த நோட்டீசைத் தெருப் பெண்களுக்கு உரக்க வாசித்துக் காட்டியவள் நான்தான். அஞ்சாம் கிளாஸ் வரை படித்த மாட்டுப்பெண் என்று தெருவில் எனக்கு ஒரு பெயர். அதில் எனக்கு எவ்வளவு கர்வம் என்று உனக்கே தெரியும்.

மறுநாள் மாமனாரின் திதி. விடிந்தும் கிணற்றில் சிவப்பு போகவில்லை.

"இந்தச் செவப்பு வெள்ளத்துலயா பித்ருக்களுக்குச் சமைக்கறது?" என்றாள் மாமியார். "ஓடற வெள்ளத்துக்கு ஏதுடி தோஷம்? போ, ஆத்துக்கடவுல மொண்டுண்டு வா."

ஈரப்புடவையோடு ஆற்றுக்குப் போய்த் தண்ணீர் மொண்டு வந்தேன். நோட்டீஸ் வாசித்த அதே நான். திதி முடியும்வரை பட்டினி கிடந்த மாமியார் அந்தத் தண்ணீரைத்தான் ஒரு சொம்பு, காய்ச்சாமல், அண்ணாந்து குடித்தாள்.

அதற்கு மறுநாள் அவள் பாயோடு பாயாகக் கிடந்தாள். ஆஸ்பத்திரி வண்டிக்கு ஆள் போயிருந்தது. நீயும் உங்கள் டீச்சரும் ஓடி வந்தீர்கள். வாசலில் தெருவே திரண்டிருந்தது. "மருந்தப் போட்டுக் கொல்ல வந்தேளா?" என்று யாரோ கத்தினார்கள்.

டீச்சர் மலையாளம் கலந்த தமிழில் என்னைக் கேட்டாள்: "வேறெ எங்கெயெங்கிலும் வெள்ளம் எடுத்தோ? சத்தியம் பறயணும்."

மாமியாரின் விரல்கள் என் கணுக்காலைப் பிடித்தன. அத்தனை சீக்கிலும் என்ன பிடி! ஆனால் என் வாயை அடைத்தது அந்தப் பிடி இல்லை. வாசலில் நின்ற அத்தனை பேருக்கும் நோட்டீஸ் வாசித்தவள் நான்.

"கெணத்து ஜலம்தான்" என்றேன்.

நீ கொல்லைப்பக்கம் போனாய். நானும் பின்னாலேயே வந்தேன். கவிழ்க்க மறந்த செப்புக்குடத்தைச் சாய்த்துப் பார்த்தாய். அடியில் ஆற்றுமணல். என்னைப் பார்த்தாய். குடத்தை அலம்பிக் கவிழ்த்துவிட்டு உள்ளே போய், "நான்தான் நிறுவையில பிழை விட்டிட்டன் போல, டீச்சர்" என்றாய்.

தெரு பார்க்க உன் கையிலிருந்த டப்பாவை டீச்சர் வாங்கிக்கொண்டாள். "நாளெ முதல் நீ வர வேண்டா."

போகும்போது என் காதில் சொன்னாய்: "மாமியாரோட நீங்கள் வாழ வேணும் அக்கா. ஆனா ஒருத்தரும் ஆத்துத் தண்ணி குடிக்காமப் பாருங்கோ. அது உங்கட பொறுப்பு."

அன்று மாலையே கொல்லை வழியாக வீடு வீடாகப் போனேன். இரண்டு வீட்டில் ஆற்றுத் தண்ணீர் நிறைத்து வைத்திருந்தார்கள். "எங்காத்துல குடிச்சது ஆத்து ஜலம். மொண்டு வந்தவ நான்" என்றேன். அடுத்த வீட்டு மாமி, "அப்போ அந்தச் சிலோன்காரிப் பொண்ணு மேல பழியப் போட்டது?" என்று கேட்டாள். "அதுவும் நான்தான்." அவள் பானையைக் கவிழ்த்துக் கொட்டினாள்.

மாமியார் பிழைத்துவிட்டாள். விஷயம் அவள் காதுக்கும் போயிற்று. நாலு மாசம் என்னோடு பேசவில்லை, அவ்வளவுதான். நீ பயந்த மாதிரி எதுவும் நடக்கவில்லை. ஆனால் கல்லூரிக்குப் போய் உங்கள் டீச்சரிடம் சொல்ல மட்டும் எனக்குக் கால் வரவில்லை. நாளை, நாளை என்று இருந்தேன். நீ படிப்பை முடித்துக் கப்பலேறிவிட்டாய். பிறகு எத்தனையோ கடிதம் எழுதினாய். நானும் குழந்தைகள், மழை, மாங்காய் என்றுதான் பதில் எழுதினேன். நீயும் கேட்கவில்லை.

உன் மகள் எழுதியிருக்கிறாள். முப்பத்தோராம் நாளுக்கு உன் நினைவாக ஒரு புத்தகம் அச்சடிக்கிறார்களாம். "அம்மா தான் ஒருக்கா மருந்தைப் பிழையா நிறுத்ததா எங்களுக்குச் சொல்லியிருக்கிறா. அந்தத் தெருவைப் பற்றி நீங்கள் எழுதித் தாங்கோ மாமி" என்று கேட்கிறாள். பெற்ற பெண்ணிடம்கூட என்னைக் காட்டிக்கொடுக்காமலே போய்விட்டாய்.

இதை அப்படியே அவளுக்கு அனுப்புகிறேன். ஒரு வரியும் வெட்டாமல் போடச் சொல்லியிருக்கிறேன். உன் நிறுவை சரிதானடி. பொய் சொன்னவள் நான்.